மணிமகுடத்தை விட்டுக்கொடுத்தவர்கள்

நம் பங்குகளில் இளையோர் கூட்டம் முடிந்த பின் எழுகின்ற பேச்சு பெரும்பாலும் சினிமாவைச் சுற்றியே அமையும். அதில் ஒரு கேள்வி அடிக்கடி வருவதுண்டு. "ஃபாதர், ஸ்டார் வார்ஸ் எங்க அப்பா பிறந்த காலத்துல வந்த படம். அதுக்கப்புறம் எத்தனை படம் வந்தாச்சு! உலகம் பூரா பார்க்குறாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல?" அருகில் நிற்கும் பெரியவர்களின் பதில் சுருக்கமாக இருக்கும். "அது வெள்ளைக்காரன் எடுத்த விட்டலாச்சார்யா படம்பா, வேறென்ன!"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு படம் மூன்று வாரம் ஓடினாலே பெரிய வெற்றி என்று சுவரொட்டி ஒட்டுகின்ற காலம் இது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு கதை மட்டும் மூன்று தலைமுறைகளாக எப்படி நிற்கிறது? இதற்கு விடை தேடி அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. விடையின் பாதி நம் கடலூர் மாவட்டத்திலேயே, சிதம்பரத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பார்ப்போம்.

வீராணம் கரையில் தொடங்கிய கதை

சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகின்றவர்கள் வீராணம் ஏரியைப் பார்த்திருப்பார்கள். கொள்ளிடத்து நீர் வடவாறு வழியாக வந்து நிறைகின்ற ஏரி அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, வீரநாராயணன் என்ற அவனது பட்டப்பெயரைத் தாங்கி நிற்பது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தீர்த்து வருகிறது.

ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரை மீது ஓர் இளைஞன் குதிரையில் வருவதாகத்தான் கல்கி தமது 'பொன்னியின் செல்வன்' நாவலைத் தொடங்கினார். 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'கல்கி' வார இதழில் தொடங்கிய அந்தத் தொடர் 1954 மே மாதம் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வெளிவந்தது. ஐந்து பாகங்கள், முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அத்தியாயங்கள். வாரந்தோறும் இதழ் வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் சுற்றி அமர்ந்து கேட்பது அன்றைய வழக்கம். தொடரின் பக்கங்களை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து அலமாரியில் வைத்த பாட்டிமார்களை நம்மில் பலர் அறிவோம். ஓவியர் மணியத்தின் படங்களும் அந்தப் பக்கங்களோடு சேர்ந்து மனத்தில் பதிந்துபோயின.

தொடர் முடிந்த அதே 1954 டிசம்பரில் கல்கி மறைந்தார். கதை மறையவில்லை. இதழில் மறுபடியும் மறுபடியும் தொடராக வந்தது. எம்.ஜி.ஆர். 1958-இல் அதைப் படமாக்க உரிமை பெற்றார், ஆனால் படம் உருவாகவில்லை. 1999-இல் சென்னையில் மேஜிக் லான்டர்ன் குழுவினர் நாடகமாக்கினர். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டன. இறுதியில் மணிரத்னம் இயக்கத்தில் 2022 செப்டம்பர் 30 அன்று முதற்பாகமும், 2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தன. எழுதத் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பாட்டி, மகள், பேத்தி என்று குடும்பமாகத் திரையரங்குக்குப் போனார்கள். முடிவு தெரியாமல் போனவர்கள் மிகச் சிலரே.

வெகு தொலைவில் பிறந்த கதை

இப்போது கடலைத் தாண்டிப் போவோம். ஜார்ஜ் லூக்காஸ் என்ற இளம் இயக்குநரின் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் 1977-ஆம் ஆண்டு மே 25 அன்று அமெரிக்காவில் முதல் நாளில் 32 திரையரங்குகளில் மட்டுமே வெளியானது. பெரிதாக ஓடும் என்று திரையுலகில் பலர் நம்பவில்லை. ஆனால் வரிசைகள் தெருமுனை தாண்டி நீண்டன. 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் அடுத்த இரண்டு படங்கள் வந்தன. பின்னர் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் முன்கதையாக மூன்று. 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் பின்கதையாக மூன்று. ஆக, 42 ஆண்டுகளில் ஒன்பது படங்கள். இவை தவிரக் கிளைக்கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் உண்டு.

கதை எளிமையானது. பாலைவனக் கிரகம் ஒன்றில் வளரும் லூக் ஸ்கைவாக்கர் என்ற இளைஞன், கொடுங்கோல் பேரரசு ஒன்றை எதிர்க்கும் கூட்டத்தில் சேர்கிறான். ஒபி-வான் கெனோபி என்ற முதியவர் அவனுக்கு ஆசானாகிறார். கறுப்பு முகமூடி அணிந்த டார்த் வேடர் என்ற தளபதி அவனுக்கு எதிரி. அந்த எதிரிதான் தன் தந்தை என்பதை இரண்டாம் படத்தின் முடிவில் அவன் அறிகிறான்.

இந்தக் கதையை லூக்காஸ் வெறுங்கையால் உருவாக்கவில்லை. சிறுவயதில் பார்த்த 'ஃபிளாஷ் கார்டன்' தொடர்படங்கள், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1958-இல் எடுத்த ஒரு படம், உலகப் பழங்கதைகளை ஆராய்ந்த ஜோசப் கேம்பல் 1949-இல் வெளியிட்ட ஒரு நூல் ஆகியவற்றிலிருந்து அவர் கற்றுக்கொண்டார். விண்கலங்களும் ஒளிவாள்களும் புதியவை. இளவரசி, ஆசான், தந்தையை இழந்த மகன், வழிதவறிய வீரன் ஆகியோர் மிகப் பழையவர்கள். அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

ஏன் சலிப்பதில்லை?

இந்த இரண்டு கதைகளும் நிலைத்து நிற்பதற்குப் பலரும் சொல்கின்ற காரணங்கள் உண்டு. அவற்றில் உண்மையும் உண்டு.

முதல் காரணம், காத்திருப்பு. 'கல்கி' வாசகர்கள் வாரம் முழுவதும் காத்திருந்தார்கள். ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், ஊகிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். "நந்தினி உண்மையில் யாருடைய மகள்?" என்று சிதம்பரம் கடைத்தெருவில் நடந்திருக்கக்கூடிய வாக்குவாதமும், "வேடர் சொன்னது உண்மையா பொய்யா?" என்று 1980-க்கும் 1983-க்கும் இடையில் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த வாக்குவாதமும் ஒரே வகையானவை. இப்படிப் பேசிப் பேசியே கதை எழுதியவரின் கையை விட்டு மக்களின் சொத்தாகிவிடுகிறது.

இரண்டாம் காரணம், கையளித்தல். 1977-இல் சிறுவனாகப் பார்த்தவர் 1999-இல் தம் பிள்ளையையும், 2015-இல் தம் பேரப்பிள்ளையையும் அழைத்துப் போக முடிந்தது. நம் வீடுகளில் பைண்டு செய்த புத்தகம் அதே வேலையைச் செய்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்தது. இது சிறிய காரியமன்று.

மூன்றாம் காரணம், கதை நிகழும் இடம் மெய்யாகத் தெரிவது. லூக்காஸின் விண்கலங்கள் பளபளப்பாக இல்லை. அடிபட்டு, துருப்பிடித்து, நம் ஊர்ப் பழைய பேருந்துகளைப் போல் பாதி வழியில் மக்கர் செய்பவை. கல்கியின் ஊர்களோ மெய்யாகவே இருப்பவை. ஏரியும் இருக்கிறது, கடம்பூரும் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினரது நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்லும் இராசராசன் காலக் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது. கதையை மூடிவைத்துவிட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்து வரலாம்.

நான்காவதாக விளம்பரத்தையும் சொல்வார்கள். 2012-இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸின் நிறுவனத்தை நானூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பொம்மைகள், சட்டைகள், விளையாட்டுகள் என்று வியாபாரம் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரம் ஒருவரை ஒரு முறை திரையரங்குக்கு இழுத்து வரலாம். இருபதாவது முறை அதே படத்தைப் போட்டுப் பார்க்கும்போது கண் கலங்க வைக்க விளம்பரத்தால் ஆகாது.

காத்திருப்பும் கையளித்தலும் மெய்யான இடமும் வேறு பல கதைகளுக்கும் இருந்தன. அவை மறக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் இவற்றில் மட்டும் இருப்பது என்ன?

உச்சக்கட்டத்தில் நடப்பது

இரண்டு கதைகளிலும் வாள்கள் ஏராளம். போர்கள் ஏராளம். ஆனால் இரண்டின் உச்சக்கட்டத்தையும் சற்று உற்றுக் கவனியுங்கள்.

பொன்னியின் செல்வன் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது: சோழ நாட்டு அரியணை யாருக்கு? அதற்காகச் சதி, அதற்காகக் கொலை, அதற்காக நாடே இரண்டுபடுகிறது. மக்கள் எல்லாரும் அருள்மொழிவர்மனையே அரசனாக்க விரும்புகிறார்கள். மகுடம் அவன் தலைக்கு மிக அருகில் வருகிறது. அவனோ அதைத் தன் சிற்றப்பன் முறையாகும் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறான். நாலாம் பாகத்துக்கு 'மணிமகுடம்' என்று பெயர் வைத்த கல்கி, ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தார். மகுடத்துக்கும் மேலே ஒரு சிகரம் உண்டு என்பதே அந்த வரிசையின் பொருள். இது கல்கியின் கற்பனை மட்டுமன்று. உத்தம சோழனுக்குப் பிறகு, 985-இல்தான் அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறினான். மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்ற செய்தியை இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு தருகிறது.

ஸ்டார் வார்ஸில் நடப்பதைப் பாருங்கள். முதற்படத்திலேயே ஒபி-வான், வேடரோடு பொருதுகின்ற வேளையில், தம் ஒளிவாளை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்று வெட்டுப்படுகிறார். இளையவர்கள் தப்பிப் போக அதுவே வழியாகிறது. 1983-இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில், தந்தையை வீழ்த்திவிட்ட லூக், "கொன்றுவிடு, அவன் இடம் உனக்கு" என்ற பொருள்படப் பேரரசன் தூண்டும்போது, ஒளிவாளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். ஆயுதமின்றி நிற்கிற மகனைப் பேரரசன் வதைப்பதைப் பார்த்தபோதுதான் வேடரின் உள்ளத்தில் புதைந்துபோயிருந்த தந்தை எழுகிறார். வானத்தில் ஆயிரம் கலங்கள் போரிட்டாலும் கதை திரும்புவது அந்த அறைக்குள்தான். ஒருவன் கையிலிருந்த வாளை விட்டெறிந்ததால் இன்னொருவன் மனம் திரும்புகிறான்.

நம் மண்ணின் தெருக்கூத்தும் இதையே சொல்கிறது. கடலூர், விழுப்புரம் பகுதித் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதம் படிக்கப்படும், இரவெல்லாம் கூத்து நடக்கும். அவற்றில் மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்பது 'கர்ண மோட்சம்'. அருச்சுனன் அம்பு எய்த திறமைக்காக யாரும் விடிய விடிய விழித்திருப்பதில்லை. சாகும் வேளையிலும் தன் தருமத்தின் பலனைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடும் கர்ணனுக்காகவே விழித்திருக்கிறார்கள்.

ஆகவே, என் எண்ணம் இதுதான். வாள்வீச்சு நம்மைக் கதைக்குள் இழுத்து வருகிறது. வாளையும் மகுடத்தையும் விட்டுவிடுகிற மனிதன் நம்மைத் திரும்பத் திரும்ப வரவழைக்கிறான். நீண்டகாலம் நிற்கின்ற பெருங்கதைகளின் இரகசியம் இதுவே.

இந்தக் கதைகள் எழுந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1950-இல் நம் நாட்டவர் கைக்கு ஆட்சி வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டுச் சிறைக்குப் போனவர் கல்கி. பதவி கையில் வந்ததும் மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்று நாடு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பதவியை விட்டுக்கொடுத்த ஓர் இளைஞனின் கதையை அவர் சொன்னார். லூக்காஸ் தம் கதையை எழுதத் தொடங்கியது 1973-இல். வியட்நாம் போர் அமெரிக்கரின் மனச்சாட்சியை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே அந்நாட்டு அதிபர் நிக்சன் ஊழல் விவகாரத்தில் பதவி விலகினார். அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்ற அச்சம் இரண்டு நாடுகளிலும் இருந்தது. அந்த அச்சம் இன்றும் தீரவில்லை. கதைகளும் தீரவில்லை.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம்

இப்படங்களில் வருகின்ற 'விசை' என்ற கருத்தைப் பற்றிச் சில பெற்றோர் கேட்பதுண்டு. இளையோரிடம் ஒருவித ஆன்மீகத் தேடலைத் தூண்டவே அதைப் படத்தில் வைத்ததாக லூக்காஸ் 1999-இல் பில் மோயர்ஸ் என்ற பத்திரிகையாளரிடம் கூறியுள்ளார். ஆனால் அந்த விசை யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, யாரையும் மன்னிப்பதில்லை. அது ஓர் ஆற்றல் மட்டுமே. நாம் வேண்டுகின்ற இறைவனோ தந்தை. அதுபோலவே ஒளியும் இருளும் சமபலம் கொண்ட இரு பக்கங்கள் என்ற எண்ணமும் நம் நம்பிக்கையாகாது. இவற்றைப் பிள்ளைகளுக்கு அமைதியாக எடுத்துச் சொன்னால் போதும், படத்தைத் தடை செய்யத் தேவையில்லை. வத்திக்கானின் 'லொசர்வாத்தோரே ரொமானோ' நாளிதழே 2015-இல் வந்த படத்துக்கு விமர்சனம் எழுதியது. அதன் குறை என்ன தெரியுமா? புதிய படத்தின் தீயவர்கள் பழைய வேடரைப் போல் உண்மையான தீயவர்களாகத் தெரியவில்லை என்பதே!

ஒபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் 1956-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் குருவாக நடிக்க அங்கி அணிந்து நடந்து போனார். வழியில் ஒரு சிறுவன் அவரை மெய்யான குருவென்று எண்ணி, கையைப் பிடித்துக்கொண்டு, சிறிதும் அச்சமின்றிப் பேசியபடியே கூட நடந்தான். அந்த நம்பிக்கை தம்மை ஆழமாகத் தொட்டதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கையில் எந்த ஆயுதமும் அதிகாரமும் இல்லாத குழந்தை ஒரு பெரிய நடிகரின் உள்ளத்தை அசைத்துவிட்டது.

நமக்கும் ஒரு பெருங்கதை உண்டு. தவக்காலத்தில் நம் கிராமங்களில் பாஸ்கு நாடகம் பார்க்கிறவர்களில் முடிவு தெரியாதவர் யார்? ஆயினும் ஆண்டுதோறும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அமர்கிறோம், அழுகிறோம். கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு உருவிய வாளை உறையில் போடச் சொன்னவரின் கதை அது. உயர்ந்த நிலையைப் பற்றிப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கி வந்தவர் அவர் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் விளக்குகிறார். மற்றக் கதைகள் நம்மை ஏன் தொடுகின்றன என்பதை இந்தக் கதையின் வெளிச்சத்தில் பார்த்தால் நமக்கு எளிதில் விளங்கும்.

திரையரங்குக்கு வெளியே

இதுவரை சொன்னது விளக்கம். இனிச் சொல்வதுதான் கடினமான பகுதி.

அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுத்த காட்சியில் திரையரங்கே கைதட்டுகிறது. அப்படிக் கைதட்டுகிற நாமே, வெளியே வந்தபின் என்ன செய்கிறோம்? ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அண்ணனும் தம்பியும் பொன்னியின் செல்வனைக் கரைத்துக் குடித்தவர்கள். எந்தப் பாகத்தில் எந்த அத்தியாயம் என்று கேட்டாலும் சொல்லுவார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று சென்ட் இடத்துக்காக அவர்கள் பேசிக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. வழக்குக்குச் செலவழித்த பணத்தில் அதைப்போல் இரண்டு மனை வாங்கியிருக்கலாம். தாய் இறந்தபோது ஒரே வீட்டில் இரண்டு பந்தல் போட்டார்கள்.

மூன்று சென்ட் இடம் சோழ நாட்டை விடப் பெரிதா? பெரிதுதான். ஏனென்றால் அது நம்முடையது. அடுத்தவனின் மகுடத்தை விட்டுக்கொடுப்பது எளிது. கதைகளின் வலிமையும் வரம்பும் இங்கேதான் தெரிகின்றன. விட்டுக்கொடுப்பது அழகு என்று கதை நமக்குக் காட்டிவிடும். நமக்காக அது விட்டுக்கொடுக்காது.

மகனிடம் கடைச் சாவியைக் கொடுக்க மனம் வராத தந்தை, மருமகளிடம் அடுப்படியை விடாத மாமியார், அன்பியத்திலும் பங்குப் பேரவையிலும் பொறுப்பு மாறும்போது கணக்கு நோட்டைக் கொடுக்க மறுக்கின்ற பொறுப்பாளர், இடமாற்றம் வந்தால் முகம் வாடுகின்ற எம் போன்ற குருக்கள் என எல்லாருக்கும் ஒரு சிறு மகுடம் உண்டு. அதைப் பிடித்திருக்கும் கை வலிக்கிறது. ஆனாலும் விட மனமில்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் இப்படங்களைப் பார்க்கும்போது அவர்களோடு அமர்ந்து பாருங்கள். முடிந்த பின், "சண்டை எப்படி இருந்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அவன் ஏன் வாளைத் தூக்கி எறிந்தான்?" என்று கேளுங்கள். விடுமுறையில் அவர்களை வீராணம் ஏரிக்கும் உடையார்குடிக்கும் அழைத்துப் போங்கள். கொலை செய்தவர்களின் பெயர் கல்லில் இருப்பதைக் காட்டுங்கள். நாட்டை விட்டுக்கொடுத்தவனின் பெயரோ ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் வாயில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பும் வழியில், உங்கள் அண்ணன் வீடோ தம்பி வீடோ இருக்குமானால், வண்டியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்தக் கதையின் அடுத்த பாகத்தை உங்கள் பிள்ளைகள் உங்களிடமிருந்து பார்க்கட்டும்.